கலாநிதி என்னும் பட்டம்

அண்மைக் காலமாக நம் கைக்கு வரும் அழைப்பிதழ்களிலும் நூல் முகப்புகளிலும் ‘கலாநிதி’ என்னும் அடைமொழி மிக மலிந்து காணப்படுகின்றது. சர்வகலாசாலையிற் பல்லாண்டு ஆராய்ந்து, ஆய்வேட்டைப் பரீட்சகர் முன் வைத்து, அவர் தொடுத்த வினாக்களுக்கு விடையிறுத்து அதனைப் பெற்றவரும், ஏதோவொரு மன்றத்தின் மேடையிற் பொன்னாடையோடு சேர்த்து ஏற்றுக்கொண்டவரும் ஒரே பெயரால் வழங்கப்படுவதனால் வாசகர் மயங்குவது இயல்பே.

தமிழ்நாட்டார் ‘முனைவர்’ என்பதையே ஈழத்தவராகிய நாம் ‘கலாநிதி’ என்கிறோம். இளமாணி, முதுமாணி என்னும் படிகளைக் கடந்து அடையும் பட்டம் அது. வடமொழியிற் சந்திரனுக்கும் இது பெயராதலால், கலை கலையாக வளர்ந்து நிறைதல் என்னும் கருத்து இதனுள் அமைந்து கிடக்கின்றது. எனினும், சகலமும் அறிந்தவர் என்பதற்கு இப்பட்டம் சாட்சியன்று. ஒரு வினாவை எடுத்து, முன்னோர் கூற்றுகளைச் சீர்தூக்கி, புதியதொன்றை ஆதாரத்துடன் நிறுவினார் என்பதற்கே சாட்சி. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அளித்தது போன்ற கௌரவப் பட்டங்களோ, வாழ்நாட் பணியை நோக்கிச் சர்வகலாசாலையே செலுத்தும் மரியாதை. அவற்றின் நியாயம் வேறு.

இனி, நமது மட்டக்களப்பு வாவிக்கரையை நோக்குவோம். காரைதீவிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, பல்லாண்டு உழைப்பின் பயனாக 1947இல் ‘யாழ் நூலை’ அரங்கேற்றிய விபுலாநந்த அடிகள், ஆய்வேடு எழுதிக் கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர். ‘மட்டக்களப்பு மான்மியத்தை’ 1962இற் பதிப்பித்த எப்.எக்ஸ்.சி. நடராசாவையும், 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ தந்த பண்டிதர் வி.சீ. கந்தையாவையும் நாம் நினைவுகூர்வது அவர்தம் நூல்களாலேயே. வந்தாறுமூலையில் 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிலையத்தில் இப்பிரதேசத்தை ஆராயப் புகும் எவரும் அந்நூல்களை விலக்கிச் செல்லவியலாது.

இதனாற் பட்டம் வேண்டாவென்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. பரீட்சிக்கப்பட்ட ஆராய்ச்சியின் அடையாளம் பரீட்சிக்கப்படாதவற்றோடு கலத்தலாகாது என்பதே நம் கட்சி. ஆகவே, இவ்விதழ் முதற்கொண்டு கட்டுரையாளர் பெயருக்கு முன் எப்பட்டமும் அச்சிடப்படமாட்டாது. பொருளோடு தொடர்புடையதாயின், ஆய்வுத் துறை, பல்கலைக்கழகம், ஆண்டு ஆகியன கட்டுரையின் இறுதியிற் குறிக்கப்படும். நமது மன்றங்களும் அறிஞரைப் போற்றுதற்குத் தமிழில் வேறு பெயர்கள் பல உண்டென்பதை உணர்ந்து, கலாநிதிப் பட்டம் அளிக்கும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகங்களுக்கே விட்டுவிடுமாறு வேண்டுகின்றோம்.