காவல் நிற்கும் தகப்பனுக்கா தூண்டில்?

மீன் பிடிக்கப் போனவன் மீனோடு வர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் வீட்டில் சிரிப்பார்கள். இது நம் ஊர் வழக்கம்.

அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. விடியற்காலையில் தூண்டிலோடு புறப்படுகிறது. பத்து மீன் பிடிக்கிறது. பத்தையும் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறது. பிறகு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறது. அதுவும் குஷியாக!

அவர்கள் தேடிப் போவது பாஸ் என்ற மீனை. மிசௌரி, ஆர்கன்சா மாநிலங்களில் ஓசார்க் என்ற மலைப் பிரதேசம் உண்டு. அங்கே ஊற்றுத் தண்ணீர் ஓடும் ஓடைகள் பல. தண்ணீர் கண்ணாடி மாதிரி! அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். இந்த ஓடைகளில் இருப்பது 'சின்னவாய் பாஸ்'.

படகு வேண்டாம். பழைய செருப்போடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஓடையை எதிர்த்து நடக்க வேண்டும். பாறையின் நிழலில் மீன் பதுங்கி இருக்கும். கொடுக்கு உள்ள ஒருவகை ஓடை இறால்தான் அதற்கு விருந்து. அந்த இறால் போலவே செய்த பொய் இரையைப் பாறை ஓரம் வீசுவார்கள். 'வெடுக்'கென்று ஓர் இழுப்பு! மீன் தண்ணீருக்கு மேலே துள்ளும். கை வலிக்கும். மனம் குளிரும்.

பிடித்த மீனை ஏன் விடுகிறார்கள்? காரணம் இருக்கிறது. ஓடையில் இந்த மீன் ஓரடி நீளம் வளரச் சுமார் நாலைந்து வருஷம் ஆகும். சின்ன மடுவில் பெரிய மீன் எத்தனை இருக்கும்? ஒரே ஆள் ஒரே நாளில் துடைத்துவிடலாம்! 1972-ல் ரே ஸ்காட் என்பவர், தாம் நடத்திய பாஸ் மீன் போட்டிகளில் மீனைக் கொல்லாமல் விட வேண்டும் என்றார். அந்தப் பழக்கம் நாடெங்கும் பரவியது.

நல்ல காரியம்தான். ஆனால், "விட்டுவிட்டேன், அதனால் பாவம் இல்லை" என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் அந்த ஓடையைப் பாருங்கள். ஆண் மீன் வாலால் கூழாங்கல்லைப் பெருக்கி, வட்டமாக ஒரு கூடு அமைக்கும். பெண் மீன் வந்து முட்டையிடும். பிறகு போய்விடும். அதன் வேலை முடிந்தது!

அப்புறம் எல்லாம் தகப்பன் பாடு. வாலை ஆட்டி ஆட்டி முட்டைக்கு நல்ல தண்ணீர் விசிறுகிறது. பொரித்த குஞ்சுகளையும் சில வாரம் காக்கிறது. தனக்குச் சரியான சாப்பாடு கிடையாது. எது கிட்டே வந்தாலும் பாய்ந்து கடிக்கிறது. தூண்டிலையும் அப்படித்தான் கடிக்கிறது. பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்க!

நம் கிராமத்துக்காரர்களுக்கு இது புரியும். குளத்தில் விரால் குஞ்சுகள் செக்கச் செவேல் என்று கூட்டமாக மிதக்கும். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தூண்டிலை இறக்கினால் பெரிய விரால் சிக்கிவிடும். சிக்கும்தான். அது ஒரு சாமர்த்தியமா?

"ஒரு நிமிஷம் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன்" என்பார்கள். அந்த ஒரு நிமிஷம் போதும்! பக்கத்தில் காத்திருக்கும் வேறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டையை விழுங்குகின்றன. களைத்துப்போன தகப்பன் திரும்பி வருகிறது. பாதிக் கூடு காலி! சில சமயம் மிச்சத்தையும் கைவிட்டுப் போய்விடுகிறது. மீன் பிழைத்தது, குடும்பம் போயிற்று.

நான் மீன் சாப்பிடுவதைக் குறை சொல்லவில்லை. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி ஒரு 'பெரியவாய் பாஸ்' பிடித்தார். எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம் கணக்கில் சுமார் 10 கிலோ. உலக சாதனை! அதை என்ன செய்தார்? வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். பஞ்ச காலம். வயிற்றுக்காகப் பிடித்த அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

வேடிக்கைக்காகக் கூட்டைக் கலைப்பவர்மேல்தான் கோபம். மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் ஓடைகளில், மார்ச் முதல் மே மாதக் கடைசி வாரம் வரை பாஸ் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் பிடித்து விடலாமாம்! அதையும் நிறுத்தினால் என்ன?

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தண்ணீர்தான் தெளிவாக இருக்கிறதே! வட்டமாக, வெளுப்பாக, பெருக்கிவிட்ட மாதிரி ஓர் இடம். அதன் மேலே நகராமல் நிற்கும் ஒரு மீன். அதுதான் கூடு. கண்டதும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு சுற்றிப் போகலாம். சில வாரத்தில் குஞ்சுகள் பிரிந்து போய்விடும். தகப்பனும் பாறை நிழலுக்குத் திரும்பிவிடும், நல்ல பசியோடு.