இளவயது மாதரும் மார்புப் புற்றுநோய்ச் சோதனையும்

முப்பது வயது முதலே மாதர்க்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்புச் சோதனை செய்யவேண்டுமென 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு நெறிமுறை விதித்தது. நன்றே; ஆயினும் அதன் பயன் எல்லா வயதினர்க்கும் ஒரே அளவினதன்று. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கி இருபதாண்டு நடத்திய ஆய்வில், 35 முதல் 64 வயதுவரையுள்ள ஒன்றரை லட்சம் மாதரில் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற ஊழியர் ஈராண்டுக்கொருமுறை கையால் தடவிச் சோதித்தனர். மற்றப் பாதியினரோடு ஒப்பிடுகையில், ஐம்பதைத் தாண்டியோரிடை இந்நோயால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது குறைந்தது; இளையோரிடம் அத்தகைய குறைவு புலப்படவில்லை. இளவயதில் மார்புத் திசு அடர்ந்திருத்தலால் எக்ஸ்-ரே படமும் கட்டியை எளிதில் காட்டாது.

ஆகவே, “சோதித்தாயிற்று, இனி அச்சமில்லை” என்று இளம்பெண்ணிடம் கூறுதல் தகாது. பால் கட்டிக்கொண்டதென வீட்டார் புறக்கணிக்கும் கட்டியும், ஆறாது நீடிப்பின், அடுத்த சோதனைக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.