பாரசீக இளவரசன்: முன்னதும் பின்னதும்

தமிழ் படிப்போருக்கு ‘இரட்டைக் காப்பியங்கள்’ என்னும் தொடர் புதிதன்று. சிலப்பதிகாரத்தை இளங்கோவடிகள் செய்தார். அதன் கதைத் தொடர்ச்சியாகிய மணிமேகலையைச் சாத்தனார் செய்தார். இரண்டிற்கும் முப்பது முப்பது காதைகள். ஆயினும் பின்னது முன்னதன் மறுபதிப்பன்று. கண்ணகி எரித்தது மதுரையை. அதனினும் பெரிய நகரொன்றை எரிக்கச் சாத்தனார் எவரையும் அனுப்பவில்லை. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளின் கையில் அமுதசுரபியைக் கொடுத்து, பசி என்னும் வேறொரு தீயைப் பற்றிப் பேசினார். ஒரு கதையின் இரண்டாம் பாகம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நம் மொழியிலேயே கிடைத்துள்ள அளவுகோல் இது.

இந்த அளவுகோலை ஒரு வீடியோ விளையாட்டின்மீது வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ‘காப்பியம் எங்கே, கணிப்பொறி விளையாட்டு எங்கே!’ என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் காலையில் பட்டாபிராம் வழியாகச் செல்லும் மின்சார ரயிலில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கைப்பேசித் திரையில் ஓடிக்கொண்டும் தாவிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் வருகின்ற நம் தோழர்களை எண்ணி மாளாது. இத்தனை பேர் இத்தனை நேரம் செலவிடும் ஒன்றைப் பற்றி ஆண்டு மலரில் சில பக்கங்கள் எழுதுவது குற்றமாகாது. நாம் ஆடுவது நல்லதா, அல்லதா என்று தரம் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டாமா?

நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு, 1989இல் அமெரிக்காவில் வெளியான ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. பாரசீக இளவரசன் என்று தமிழில் சொல்லலாம். அதன் இரண்டாம் பாகம் ‘நிழலும் சுடரும்’ என்று பொருள்படும் துணைப்பெயருடன் 1993இல் வந்தது. இரண்டையும் வெளியிட்டது பிராடர்பண்ட் நிறுவனம். இரண்டிற்கும் கதை வகுத்தவர் ஜோர்டன் மெக்னர்.

முதற்பாகத்தின் கதையை நான்கு வரிகளில் சொல்லிவிடலாம். சுல்தான் போருக்குச் சென்றிருக்கிறார். அமைச்சன் ஜாஃபர் ஆட்சியைக் கைப்பற்றுகிறான். ‘என்னை மணந்துகொள், இல்லையேல் ஒரு மணி நேரத்தில் மரணம்’ என்று இளவரசியின் முன் ஒரு மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறான். அவளுடைய காதலனோ கையில் ஒரு வாள்கூட இன்றி நிலவறையில் கிடக்கிறான். அவன் 60 நிமிடங்களுக்குள் மேலே ஏறி வர வேண்டும். ஆடுபவர் எத்தனை முறை செத்தாலும் அந்தக் கட்டத்தை மீண்டும் தொடங்கலாம். ஆனால் ஓடிய நேரம் திரும்பி வராது. தேர்வுக்கூடத்தில் இருந்து பழகிய நமக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

இந்த எளிய கதைக்கு உயிர் கொடுத்தது இளவரசனின் நடை. மெக்னர் தம் தம்பிக்கு வெள்ளாடை அணிவித்து, ஓடவும் தாவவும் ஏறவும் சொல்லி வீடியோவில் பிடித்தார். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து கணிப்பொறியில் ஏற்றினார். ஆகவே அந்தச் சிறு உருவத்துக்கு உடம்பின் கனம் இருக்கிறது. ஓடி வருபவன் சட்டென்று நிற்க மாட்டான். சற்றுச் சறுக்கித்தான் நிற்பான். தாவும்போது தவறினால் விளிம்பை விரல்களால் பற்றித் தொங்குவான். விழுந்தால் நமக்கே வலிப்பது போலிருக்கும். இசையமைத்தவர் மெக்னரின் தந்தை. ஏறத்தாழ ஒரு குடும்பத்தின் கைவேலை என்றே இதைச் சொல்லிவிடலாம்.

நான் முதன்மையாகக் கருதுவது வேறொன்று. அது அவனுடைய நிழல். அக்காலத்து ஆப்பிள் கணிப்பொறியின் நினைவகம் மிகச் சிறியது. இளவரசனின் அசைவுகளே அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டன. புதியதோர் எதிரியின் உருவத்தை வரைந்து சேர்க்க இடமில்லை. என்ன செய்வது? இளவரசனின் உருவத்தையே எடுத்து, ஒரு சிறு கணக்கு உத்தியால் அதை மினுமினுக்கும் நிழலுருவாக மாற்றினார் மெக்னர். நான்காம் கட்டத்தில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். இளவரசன் அதை ஊடுருவித் தாவும்போது, அவனுடைய நிழல் மறுபுறமாக வெளியேறி ஓடிவிடும். பிறகு அவன் குடிக்க வேண்டிய மருந்தை அது குடித்துவிடும். அவன் தாவி வரும் நேரம் பார்த்துக் கதவை அடைத்துவிடும்.

இறுதியில் இருவரும் வாளோடு எதிரெதிரே நிற்பார்கள். நிழலின்மீது படும் ஒவ்வொரு வெட்டும் இளவரசனின் உயிரையே குறைக்கும். அப்படியானால் வெல்வது எப்படி? வாளை உறையிலிட வேண்டும். நிழலும் தன் வாளை உறையிலிடும். பகை நீங்கி இரண்டும் ஒன்றாகும். தன் பகையைத் தன்னிடமே கண்டு, அதை வெட்டாமல் தழுவிக்கொள்வது என்பது எவ்வளவு பெரிய கருத்து! நூல்களில் நாம் படித்த கருத்துதான். ஆனால் இங்கே அதை யாரும் உபதேசிப்பதில்லை. ஆடுகின்றவன் பலமுறை தோற்றுத் தன் விரல்களாலேயே அதைக் கண்டுபிடிக்கிறான். எந்த அறவுரையும் செய்ய முடியாத வேலை இது.

இனி இரண்டாம் பாகத்துக்கு வருவோம். முதற்கதை முடிந்து 11 நாட்கள் கழிந்திருக்கின்றன. ஜாஃபர் மந்திரத்தால் இளவரசனின் தோற்றத்தை எடுத்துக்கொள்ள, உண்மையான இளவரசன் கந்தல் உடையோடு அரண்மனையில் நிற்கிறான். அவனை யாரும் அறிந்துகொள்ளவில்லை. சாளரத்தின் வழியே குதித்து, கூரைமேல் ஓடி, புறப்படும் கப்பலில் தாவி ஏறுகிறான். கப்பல் மின்னல் தாக்கி உடைகிறது. தீவு, குகை, பாழடைந்த நகரம், நெருப்புக் கோயில், பறக்கும் குதிரை என்று கதை விரிந்துகொண்டே போகிறது. நேரமும் 75 நிமிடங்கள் ஆகிறது. எலும்புக்கூடுகள், பாம்புகள், பறந்து வரும் தலைகள், பறவைத் தலை பூண்ட காவலர்கள் என எதிரிகள் பெருகிவிட்டனர்.

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். ஓவியங்கள் கண்ணைப் பறிப்பவை. முதற்பாகத்தில் ஊர் பேர் தெரியாதவனாக வந்த நாயகனுக்கு இங்கே ஒரு பிறப்பும், இழந்த ஓர் அரசகுலமும், மகனைத் தேடி வரும் தாயின் ஆவியும் கிடைக்கின்றன. தன்னைத் தானே இழந்தவன் தன்னை மீட்டுக்கொள்வது என்ற கருவும் சிறந்ததே. இதில் சாத்தனார் வழியில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் ஓர் அடியோடு நின்றுவிட்டார்கள் என்பதே என் வழக்கு. முன்னதில் ஒரு காவலனோடு தனித்து நின்று, அவனுடைய முறையை அறிந்து, பொறுத்திருந்து வெட்ட வேண்டும். பின்னதில் முன்னும் பின்னும் பலர் சூழ்கின்றனர். சிந்தித்து வென்ற இடத்தில் விரைந்து வெல்ல வேண்டியதாகிறது. முன்னதில் நிழல் ஒரு கேள்வி. பின்னதில் அதே நிழல், நாயகன் பெற்றுக்கொள்ளும் ஒரு மந்திர ஆற்றலாகிவிடுகிறது. சுடரை ஏந்தி ஜாஃபரை எரித்தால் கதை முடிந்தது. வாளை உறையிலிட்டு வென்றவன், அடுத்த பாகத்தில் வாளினும் கொடிய ஆயுதத்தைத் தேடிப் போகிறான் என்றால், முதற்பயணத்தில் அவன் கற்றது என்ன?

‘வசதி குறைந்தபோது கலை வளர்ந்தது, வசதி வந்ததும் தேய்ந்தது’ என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டக்கூடும். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அப்படிச் சொன்னால், நம்போன்ற அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கணிப்பொறி வாங்கித் தராமலிருக்க அது நல்ல சாக்காகப் போய்விடும். மெக்னர் ஏழையல்லர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், மாணவராக இருந்தபோதே ஒரு விளையாட்டைச் செய்து முடித்தவர். முதற்பாகத்தின் நிரலைப் பெரும்பாலும் அவரே அமர்ந்து எழுதினார். இரண்டாம் பாகத்தில் கதையும் வடிவமைப்பும் அவருடையவை. நிரல் எழுதியவர்கள் வேறு பலர். முன்னதில் சிந்தித்த தலையும் செய்த கையும் ஒன்றாக இருந்தன. அதனால்தான் இடமின்மை என்னும் தடை நிழல் என்னும் கருத்தாக மாறிற்று. இல்லாமையைப் போற்ற வேண்டியதில்லை. இருப்பதைக் கொண்டு எதைச் சொல்லப் போகிறோம் என்ற கேள்வியைத்தான் போற்ற வேண்டும்.

இதற்கு நமக்கு அண்மையான சான்றும் உண்டு. கனடாவில் வாழும் தமிழர் முயற்சியில் 2023இல் ‘வெண்பா’ என்றொரு விளையாட்டு வெளிவந்தது. அதில் வாளும் இல்லை, பூதமும் இல்லை. கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த்தாய், சிதைந்துபோன சமையற்குறிப்பைப் பார்த்து இட்லி அவிக்கிறாள். தன் மொழியை விட்டு விலகிச் செல்லும் மகனை எண்ணிக் கலங்குகிறாள். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சிறு விளையாட்டு, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.

பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்காவைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்பது நியாயமே. அங்கே அமர்ந்து பிறர் கதைகளுக்கு இரண்டாம் பாகம் செய்யப் போகிறோமா, நம் கதைக்கு முதற்பாகம் செய்யப் போகிறோமா என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

முதற்பாகத்தின் மூலநிரலை மெக்னர் 2012இல் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டார். கணிப்பொறித் துறையினர் அதைப் பாடமாகவே படிக்கலாம். தமிழ்த்துறையினர் கதை சொல்லட்டும். வரலாற்றுத் துறையினர் கோட்டையும் கொத்தளமும் காட்டட்டும். அடுத்த கல்லூரி விழாவில், கவிதைப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் பக்கத்தில், சிறு விளையாட்டு ஒன்றைத் தமிழில் உருவாக்கும் போட்டியையும் வையுங்கள் என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்து அரக்கர்கள் வேண்டாம். ஒரே ஒரு நிழல் போதும்.