மந்தம் காதிலா, கருவியிலா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். நமக்குக் கவிதை வராது. (போன வருட மலரில் காதல் கவிதை மட்டும் பதினொன்று இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன்.) அதனால் எனக்கு நடந்த ஒரு விஷயத்தையும், அதைப் பற்றி என் கருத்தையும் எழுதுகிறேன். விஷயம் சின்னது. ஒரு புளூடூத் ஹெட்போன். ஆனால் அதனால் எனக்கு ஒரு வேலை கை நழுவிப் போனது.

நான் பழவேற்காட்டுக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருந்து தினமும் பஸ் பிடித்துப் பொன்னேரி வருகிறவன். அப்பா ஏரியில் தொழில். அம்மா இறாலும் நண்டும் கூடையில் வைத்துப் பொன்னேரி மார்க்கெட்டில் விற்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். லேப்டாப் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட், 13,500 ரூபாய். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தது. இறால் நன்றாகப் பட்ட ஒரு நாள், "இன்டர்வியூன்னா காதுல மாட்டிக்கணுமாமே" என்று அப்பா 1,100 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். கழுத்தில் மாலை மாதிரித் தொங்குகிற நெக்பேண்ட் ஒன்று வாங்கினேன். பாட்டு கேட்டால் அருமையாக இருந்தது. தபேலா தனியாக, வயலின் தனியாகக் கேட்டது.

இன்டர்வியூ அன்று கூகுள் மீட்டில் நுழைந்தேன். அந்தப் பக்கம் இரண்டு பேர். அவர்கள் பேச ஆரம்பித்ததும் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். "சாரி சார், ஒன்ஸ் அகெய்ன்" என்று மூன்று முறை கேட்டேன். நாலாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது. அவர் "சோர்ஸ்" பற்றிச் சொல்லச் சொன்னார். என் காதில் "ஃபோர்ஸ்" என்று விழுந்தது. எலெக்ட்ரானிக்ஸ் இன்டர்வியூவில் எதற்கு ஃபோர்ஸ் என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, "மாஸ் இன்டு ஆக்சிலரேஷன் சார்" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. கம்யூனிகேஷன் போதாதாம்.

தமிழ் மீடியத்தில் படித்த நம்மிடம் "கம்யூனிகேஷன் போதாது" என்றால் மறுபேச்சே கிடையாது. உடனே நம்பிவிடுவோம். நானும் நம்பினேன். என் இங்கிலீஷ் மோசம், என் காது பழகவில்லை என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கருவியைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

பிறகு ஹெட்போனைக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "பாட்டு சூப்பரா கேக்குது தம்பி. மீட்டிங்லாம் வேணும்னா நாலாயிரம் ரூபா ஐட்டம் எடு" என்றார். வகுப்பு நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் காதுத் தோட்டைத் தடவிப் பார்த்தார். அடகு வைக்கத்தான். அப்பா மட்டும், "மீன் படலன்னா வலையவா கொளுத்துவ? தண்ணி எப்படி ஓடுதுன்னு மொதல்ல பாரு" என்றார்.

பார்த்தேன். அன்று ராத்திரி லேப்டாப்பில் ஒரு பாட்டை ஓடவிட்டேன். நன்றாக இருந்தது. பாட்டு ஓடும்போதே என் குரல் எப்படிப் பதிவாகிறது என்று பார்க்க ரெக்கார்டரைத் திறந்தேன். திறந்த அந்த நொடியே பாட்டு மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் மாதிரி ஆகிவிட்டது! ரெக்கார்டரை மூடினேன். இரண்டு நொடியில் வயலின் திரும்ப வந்தது. நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதேதான். ஆக, மைக் திறந்தால் சத்தம் கெடுகிறது, மூடினால் சரியாகிறது.

காரணம் இதுதான் நண்பர்களே. இன்று நாம் வாங்குகிற சாதாரண புளூடூத் ஹெட்போனுக்கு இரண்டு வேடம் உண்டு. ஒன்று பாட்டு கேட்கிற வேடம். இதில் சத்தம் லேப்டாப்பில் இருந்து காதுக்கு மட்டும் போகும், ஒருவழிப் பாதை. ஸ்டீரியோ, விநாடிக்கு மூன்று லட்சம் பிட்டுக்கு மேல்கூடப் போகும். மற்றொன்று ஹேண்ட்ஸ்ஃப்ரீ வேடம். இதில் நம் குரலும் திரும்பிப் போக வேண்டும். அதற்காக இரண்டு பக்கமும் விநாடிக்கு 64,000 பிட் என்று சுருக்கிவிடுகிறார்கள். ஸ்டீரியோ போய் மோனோ ஆகிவிடும். ஹெட்போனில் உள்ள மைக்கை எந்தப் புரோகிராம் கேட்டாலும் லேப்டாப் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டாவது வேடத்துக்கு மாறிவிடும்.

ஏன் சுருக்க வேண்டும்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். பழவேற்காட்டில் "பாடு" என்று ஒரு முறை பல தலைமுறைகளாக இருக்கிறது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாகப் படுகிற இடம் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் இன்று இவர்கள் முறை, நாளை அவர்கள் முறை என்று வைத்திருக்கிறார்கள். முறை வராதவன் கரையில்தான் இருக்க வேண்டும். புளூடூத்தும் பாடு பார்த்துத்தான் ஓடுகிறது. அதன் ஒரு முறை 625 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 1,600 முறை. பாட்டு என்றால் பெரிய பெரிய பொட்டலமாக முன்கூட்டியே அனுப்பி வைத்துக்கொள்ளலாம், தொலைந்தால் திரும்ப அனுப்பலாம். பேச்சு அப்படியில்லை. இந்த நொடி பேசியது இந்த நொடியே போய்ச் சேர வேண்டும். அதற்காகப் போகவும் வரவும் சரியான இடைவெளியில் சின்னச் சின்ன முறைகளை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தச் சின்ன முறைக்குள் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் சத்தம்.

இந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறை கார் ஓட்டிக்கொண்டே டெலிபோன் பேசுவதற்காக வந்தது. டெலிபோன் தரம் போதும் என்று அன்று நினைத்தார்கள். பழைய முறையில் விநாடிக்கு 8,000 சாம்பிள். அப்படியானால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. இது நமக்குத் தெரியாதா? நைக்விஸ்ட் தேற்றம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோமே! டெலிபோன் பேச்சு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறோமே! "ஸ்", "ஃப்" என்ற காற்றுச் சத்தங்களைப் பிரித்துக் காட்டுகிற பகுதி பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் சோர்ஸும் ஃபோர்ஸும் ஒன்றுபோலத்தான் கேட்கும். இந்தத் தேற்றத்துக்குப் பரீட்சையில் நான் முழு மார்க் வாங்கியவன். அதே தேற்றம் என் காதிலேயே வந்து உட்கார்ந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. இதில் வாத்தியார்களைக் குறை சொல்ல மாட்டேன். நாமும்தான் கேள்வி கேட்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. என் லேப்டாப்பில் உள்ள விண்டோஸில் சவுண்ட் பகுதிக்குள் போய் அந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவியின் விவரத்தைத் திறந்தால் "8000 ஹெர்ட்ஸ், டெலிபோன் குவாலிட்டி" என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்! மூன்று கிளிக் தள்ளி உண்மை இருந்திருக்கிறது. ஆனால் டப்பாவின் மேல் என்ன போட்டிருந்தது? நாற்பது மணி நேர பேட்டரி, டீப் பாஸ். மைக் போட்டால் டெலிபோன் தரம்தான் என்று ஒரு வரி இல்லை. மருந்துச் சீட்டில் பக்க விளைவு போடுகிற மாதிரி இதையும் டப்பா மேல் போட வேண்டும், தமிழிலும் போட வேண்டும் என்பது என் கருத்து. 2011-ல் வந்த திருத்தத்தில் 16,000 சாம்பிள் வரை வசதி செய்தார்கள், பேச்சு கொஞ்சம் தெளியும். அதுவும் மோனோதான். 2020-ல் எல்இ ஆடியோ என்று புதிய முறையை அறிவித்தார்கள். அதில் இந்தக் குறை தீர வழி உண்டு, ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டுமே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வைத்திருக்கிற நமக்கு அது எட்டாக்கனி.

ஆகவே "விலை கூடுதலாக வாங்கினால் சரியாகிவிடும்" என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய முறையில் ஓடினால் இருபதாயிரம் ரூபாய் ஹெட்போனும் மைக் திறந்ததும் வேடம் மாறத்தான் செய்யும். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிருந்தாலும் அடுத்த இன்டர்வியூவிலும் நான் பானைக்குள்தான் இருந்திருப்பேன்.

சரி, என்ன செய்யலாம்? மைக்கை மாற்றினால் போதும். மீட்டோ, சூமோ, டீம்ஸோ, அதன் செட்டிங்கில் மைக் என்ற இடத்தில் ஹெட்போன் பெயரை எடுத்துவிட்டு லேப்டாப்பின் சொந்த மைக்கை வையுங்கள். காதுக்கு ஹெட்போன், வாய்க்கு லேப்டாப். பழைய விண்டோஸில் ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் தெரியும், அதில் ஸ்டீரியோ என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஒரே பெயராகத்தான் வரும், அங்கே மைக்கை மாற்றுவதுதான் வழி. வீட்டில் சத்தம் அதிகம் என்றால் லேப்டாப் மைக் உதவாது. எங்கள் வீட்டில் கடல் காற்றும் கோழியும் சேர்ந்து கேட்கும். அப்போது இருநூறு ரூபாய் வயர் இயர்போனைப் போல ஒரு தோழன் கிடையாது. வயரில் பாடும் இல்லை, முறையும் இல்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சத்தம் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால்தான் இந்த வேடக் கோளாறு. விட்டு விட்டு, அறுந்து அறுந்து கேட்டால் நோய் வேறு. புளூடூத் 2.4 கிகா ஹெர்ட்ஸில் ஓடுகிறது. இந்தியாவில் 2005-ல் அந்த அலைவரிசையைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டார்கள். வைஃபையின் ஒரு பகுதி அங்கேதான், பேக்கரிகளில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். யுஎஸ்பி 3.0 துளையில் செருகிய ஹார்ட் டிஸ்க்கூட அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று 2012-ல் இன்டெல் கம்பெனியே ஆய்வறிக்கை வெளியிட்டது. நம் உடம்பில் இருக்கிற தண்ணீரும் அந்த அலையை உறிஞ்சும். லேப்டாப்புக்கு முதுகைக் காட்டி உட்காராமல் இருந்தாலே பாதி சரியாகும். ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு, வைஃபை 5 கிகா ஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் தெரிந்தபிறகு அந்த கம்பெனிக்கு எழுதலாமா என்று யோசித்தேன். "உங்கள் கேள்வி எனக்கு 4,000 ஹெர்ட்ஸோடு வெட்டப்பட்டு வந்தது" என்று எழுதினால் சிரிப்பார்கள். எழுதவில்லை. ஆனால் ஒரு நியாயம் கேட்கிறேன். தனி அறையும் புது லேப்டாப்பும் வைத்திருக்கிறவனையும், கோழி கத்துகிற வீட்டில் பழைய லேப்டாப் வைத்திருக்கிறவனையும் ஒரே ஸ்கிரீனில் உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் "கம்யூனிகேஷன்" மார்க் போடுகிறார்களே, அதில் எத்தனை மார்க் மாணவனுக்கு, எத்தனை மார்க் அவன் மைக்குக்கு?

கம்பெனிகளை நம்மால் மாற்ற முடியாது. நம் பாலிடெக்னிக்கில் செய்ய முடிந்ததைக் கேட்கிறேன். ஆன்லைன் இன்டர்வியூ நாட்களில் கம்யூனிகேஷன் லேபைத் திறந்து கொடுக்கும்படி பேரவை முதல்வரிடம் பேச வேண்டும். அங்கே பத்து வயர் ஹெட்போன் வாங்கிப் போட வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்தான் ஆகும். ஆண்டு விழா பேனரில் நம் எல்லோர் படத்தையும் கொஞ்சம் சின்னதாகப் போட்டாலே அந்தப் பணம் மிச்சம். (செயலாளர் இந்த வரியை வெட்டாமல் இருந்தால் நன்றி.) முதல் ஆண்டு தம்பி தங்கைகளுக்கு இதை ஒரு மணி நேரம் செய்து காட்ட நான் தயார். ரெக்கார்டரைத் திறந்து மூடினால் போதும், நைக்விஸ்ட் தானாகப் புரிந்துவிடும்.

நெக்பேண்ட் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. இறால் தரம் பிரிக்கும்போது பாட்டு கேட்கிறார். பாட்டுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் அடுத்த இன்டர்வியூ வருகிற மாதம். வயர் ஒன்று வாங்கிவிட்டேன். நம் வகுப்பில் அதே நாளில் இன்னும் ஆறு பேருக்கு இன்டர்வியூ இருக்கிறது. பேரவை அதற்குள் ஏற்பாடு செய்தால் நல்லது.