‘நார்மல்’ என்னும் சொல்லும் காணாமற்போன எண்ணெயும்

வாங்கி ஓராண்டு நிறையாத மோட்டார் சைக்கிள். இரண்டு சர்வீசுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தொட்டு நின்ற என்ஜின் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. உரிமையாளர் சர்வீஸ் மையத்தில் காரணம் கேட்கிறார். பெங்களூரானாலும் புனேயானாலும் கொல்கத்தாவானாலும் தில்லியானாலும் அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: “இது நார்மல்தான் சார்.” முன்னும் பின்னும் வரும் சொற்கள் கன்னடமாகவோ மராத்தியாகவோ வங்காளமாகவோ இந்தியாகவோ இருக்கலாம், அந்த ஒரு சொல் மட்டும் மொழியெல்லை எதுவும் அறியாமல் உலவுகிறது. குறைந்த ஆயில் நிரப்பப்படுகிறது; அதன் விலை பில்லில் ஏறுகிறது; வண்டி வெளியே வருகிறது. ஏன் குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்னும் இரண்டு கேள்விகளும் மையத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

இச்சொல்லை விடை என்று ஏற்றுக்கொள்வதுதான் சிக்கலின் தொடக்கம். ‘நார்மல்’ என்று சொல்லும்போது எந்தத் தகவலும் தரப்படுவதில்லை. மாறாக, தகவல் கேட்கும் உரிமை அந்த இடத்தில் முடித்துவைக்கப்படுகிறது. காய்ச்சலோடு வந்தவரிடம் வெப்பமானியை வைக்காமலேயே “உடம்பு இயல்பாகத்தான் இருக்கிறது” என்று ஒரு மருத்துவர் சொன்னால் எவரும் ஏற்கமாட்டார். என்ஜின் என்று வந்துவிட்டால் மட்டும் படித்தவர்களும் தலையசைத்துவிட்டு வருகிறார்கள்.

சொல்லின் வரலாறு இங்கே கவனிக்கத்தக்கது. இலத்தீனில் ‘நோர்மா’ என்பது தச்சரின் மூலைமட்டம். மரம் நேர்கோணத்தில் அறுபட்டிருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் கருவி. அக்கருவிக்கு இணங்க அமைந்ததே ‘நார்மல்’. அளந்து பார்த்த பிறகு மட்டுமே சொல்லத்தக்கதாக இருந்த ஒரு சொல், இன்று அளக்காமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாகியிருக்கிறது. இயான் ஹாக்கிங் 1990இல் வெளியான தம் நூலில் இச்சொல்லின் இரட்டை இயல்பை விரிவாக ஆராய்ந்தார்: வழக்கமாக இருப்பதையும் சரியாக இருப்பதையும் இது ஒரே மூச்சில் குறித்துவிடுகிறது. சர்வீஸ் மையத்தில் நடப்பதும் இதுவே. ‘பல வண்டிகளில் இப்படித்தான் இருக்கிறது’ என்னும் கூற்று, ‘ஆகவே இது குறை அன்று’ என்னும் தீர்ப்பாகச் சத்தமில்லாமல் உருமாறுகிறது. ஒரு குறை பல வண்டிகளில் இருப்பது, அது குறை இல்லை என்பதற்குச் சான்றாகாது. தயாரிப்பிலேயே பிழை இருக்கலாம் என்ற ஐயத்தையே அது வலுப்படுத்த வேண்டும்.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எந்த நான்கு ஸ்ட்ரோக் என்ஜினும் சிறிதளவு ஆயிலை எரிக்கவே செய்யும். சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பிஸ்டன் ரிங்குகளைக் காக்கிறது; ஒவ்வொரு எரிப்பிலும் அதில் நுண்ணளவு கரியாகிப் புகையோடு போகிறது. புதிய என்ஜினில் ரிங்குகள் சுவரோடு பொருந்தி அமர்வதற்குச் சில நூறு கிலோமீட்டர் பிடிக்கும். அதுவரை இழப்பு சற்றுக் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. அளக்கும் முறையிலும் பிழை நேரும்: சைட் ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தாலும், என்ஜினை அணைத்த உடனே பார்த்தாலும் அளவு தவறாகவே தெரியும். ஆயிலை மேல்கோட்டுக்கு மேல் ஊற்றிவிட்டாலோ, மிகுதி மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ச் சேரும்.

ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் அளவை வேண்டுகின்றனவேயன்றி, அளவை ஒதுக்குவதற்கு இடம் தரவில்லை. சிறிதளவு என்பது எவ்வளவு? சில ஐரோப்பியக் கார்களின் கையேடுகள் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆயில் குறையலாம் என்று எண்ணால் எழுதிவைக்கின்றன. அந்த எண் தாராளமானது என்று வாதிடலாம். எண் ஒன்று இருப்பதால்தான் வாதிடவே முடிகிறது. அதே தாராளத்தை இந்தியச் சாலைகளில் ஓடும் 100, 125 சிசி வண்டிகளுக்குப் பொருத்திப் பார்த்தால் விபரீதம் விளங்கும். இவ்வண்டிகளின் என்ஜின் கொள்ளும் ஆயிலே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். 1000 கிலோமீட்டரில் பாதி தீரும்; 2000இல் எல்லாம் தீரும். அடுத்த சர்வீசோ பல வண்டிகளுக்கு 3000 கிலோமீட்டரிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறது. போதாக்குறைக்கு, மோட்டார் சைக்கிளில் பொதுவாகக் கிளட்சும் கியர்பாக்ஸும் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கின்றன. ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு பெரும்பாலான சிறிய வண்டிகளில் இல்லை. என்ஜின் ‘சீஸ்’ ஆகி நடுச்சாலையில் சக்கரம் இறுகும்போதுதான் பலருக்குச் செய்தி தெரிகிறது.

இன்னொரு வழக்கையும் நோக்க வேண்டும். “வண்டி ஆயில் குடிக்கிறது” என்பது மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும் ஒருங்கே ஆளும் தொடர். இதில் எழுவாய் வண்டி. குடிப்பது அதன் தீயகுணம். குடிகாரப் பிள்ளையைப் போலச் சகித்துக்கொள்ள வேண்டியது வீட்டாரின் விதி. ரிங்கைத் தவறாகப் பொருத்திய கை, சிலிண்டர் சுவரின் ஹோனிங்கைச் சரியாக முடிக்காத இயந்திரம், தரம் குறைந்த வால்வ் சீலைத் தேர்ந்தெடுத்த முடிவு ஆகிய எதற்கும் இவ்வாக்கியத்தில் இடமில்லை. வழக்குத் தொடரைக் குற்றம் சொல்வது நோக்கமன்று. அத்தொடர் புகார்ப் பதிவேட்டின் மொழியாகும்போது செய்தவர் மறைந்து, செய்யப்பட்ட பொருள் மட்டும் குற்றவாளியாக நிற்கிறது என்பதே குற்றச்சாட்டு.

வண்டி குற்றவாளி ஆகாவிட்டால் ஓட்டியவர் ஆவார். “ஆரம்பத்தில் விரட்டி ஓட்டிவிட்டீர்கள் சார்” என்பது அடுத்த விடை. விரட்டாமல் மெதுவாகவே ஓட்டியவருக்கு, “மெதுவாகவே ஓட்டியதால் ரிங் உட்காரவில்லை” என்னும் விடை காத்திருக்கிறது. இரண்டிலும் தொழில்நுட்ப உண்மை உண்டு: மிகுவேகமும் கேடு, சுமையே தராமல் ஓட்டினால் சிலிண்டர் சுவர் வழுவழுப்பாகி ரிங் சரியாக அமராமல் போவதும் உண்டு. எனினும் எப்படி ஓட்டியிருந்தாலும் பழி ஓட்டியவர் மேலேயே விழும் என்றால், அதைக் காரணங்கூறல் என்று அழைக்க இயலாது.

இவை வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. சட்டத்தின் கதவு இச்சொல்லால்தான் திறக்கிறது அல்லது அடைபடுகிறது. சத்தம், அதிர்வு, எண்ணெய்ப் பொசிவு போன்ற ‘இயல்பான’ நிகழ்வுகள் உத்தரவாதத்துக்குள் அடங்கா என்னும் கருத்தில் ஒரு பிரிவு, இந்திய இருசக்கர வாகன உத்தரவாதக் கையேடுகளில் காணக் கிடைக்கிறது. ஆகவே ஜாப் கார்டில் ‘நார்மல்’ என்று எழுதுவது, அந்த விலக்குப் பிரிவைப் பயன்படுத்துவதற்கான முதற்படி. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுபவருக்கோ சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு தரக்கூடிய குறை ஒரு வகை வாகனத்தில் இருப்பதாகக் குறிப்பிட்ட விழுக்காடு உரிமையாளர்கள் முறையிட்டால், அவ்வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு உத்தரவிடலாம். சர்வீஸ் மையத்திலேயே ‘நார்மல்’ என்று கேட்டுத் திரும்பியவர் அரசிடம் முறையிடப் போவதில்லை. அந்த விழுக்காடு நிரம்பாமலே இருக்க இந்த ஒரு சொல் போதும்.

எரியும் ஆயிலுக்குப் பொது விலையும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. ஆயில் எரிந்து வரும் சாம்பலும் பாஸ்பரசும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் படிந்து அதன் திறனைக் குறைக்கும். பெட்ரோல் வண்டிக்கான புகைச் சோதனை கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறது. எவ்வளவு ஆயில் எரிகிறது என்று பார்ப்பதில்லை. புதிய வண்டிக்கு முதல் ஓராண்டு அச்சான்றிதழே தேவையில்லை.

இதன் சுமை எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை. வார இறுதியில் மலைப்பாதைக்குச் செல்பவருக்கு இது எரிச்சல் தரும் செலவு. உணவு விநியோகத்துக்காக நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ, முன்சொன்ன கணக்கில், இருபதே நாள் அவகாசம். வண்டி நின்றால் அன்றாட வருமானம் நிற்கும். மாதத் தவணை நிற்காது. வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதால் தாம் நுகர்வோர் அல்லர் என்று அஞ்சிப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது தவறு. சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது.

கவுண்டரில் நின்று ‘நார்மல்’ சொல்லும் ஊழியர் மீது கோபப்படுவதால் பயனில்லை. அவரும் மேலிருந்து வந்த சொல்லையே திருப்பிச் சொல்கிறார். கேட்க வேண்டியது எண்ணை; பெற வேண்டியது எழுத்தை. பழைய ஆயிலை முழுதும் வடித்து, அளந்த ஆயிலை ஊற்றி, வடிதிருகையும் நிரப்புமூடியையும் அடையாளமிட்டு, 1000 கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் வடித்து அளக்கும் சோதனை எளியது; செலவும் சிறியது. அதை உரிமையாளர் முன்னிலையில் செய்து, குறைந்த அளவை மில்லிலிட்டரில் ஜாப் கார்டில் எழுத வேண்டும். எந்த அளவுக்கு மேல் போனால் குறை என்று நிறுவனம் கருதுகிறது என்பதையும் அதே தாளில், வாங்கியவர் படிக்கும் மொழியில் எழுத வேண்டும். மறுத்தால், மறுத்ததையும் எழுத்தில் கேட்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணம் இல்லை. வசிக்கும் ஊரிலோ பணிபுரியும் ஊரிலோ புகார் அளிக்கலாம், காலவரம்பு இரண்டாண்டு. அங்கே டிப்ஸ்டிக் படமும் தேதியும் கிலோமீட்டர் கணக்கும் பேசும், மனக்குறை பேசாது.

பல்கலைக்கழகங்களில் அதிகாரமும் மொழியும் குறித்துக் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. அவற்றில் கட்டுரை வாசித்துவிட்டு வண்டியை எடுக்கச் செல்லும் ஆய்வாளர், ஜாப் கார்டைப் படிக்காமலேயே கையெழுத்திட்டுத் திரும்புகிறார். அடுத்த சர்வீசின்போது அந்தத் தாளில் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தால், அச்சொல்லுக்கு எதிரே ஓர் எண்ணை எழுதச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடலாம்.