திறக்கப்படாத பர்கண்டி

2018ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரே ஒரு புட்டி ஒயின் 5,58,000 டாலருக்கு விலைபோனது. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் விளைந்த ரொமானே-கோந்தி என்னும் சிவப்பு ஒயின் அது. அறுவடை ஆண்டு 1945. அவ்வாண்டு அத்தோட்டம் தந்தவை 600 புட்டிகளே. அறுவடை முடிந்ததும் நலிந்துபோன பழைய கொடிகளைப் பிடுங்கிப் புதியவற்றை நட்டார்கள். அதன்பின் 1952 அறுவடை வரைக்கும் அத்தோட்டத்தின் பெயரில் ஒயின் வரவில்லை. செய்தியை வாசித்த பலரும் விலையைக் கண்டு வியந்தார்கள். எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: அந்தப் புட்டியை யாரேனும் குடிப்பார்களா?

குடிக்கமாட்டார்கள் என்பதே என் ஊகம். ஒரு வீட்டின் விலை கொடுத்து வாங்கியதை ஒரு மாலையில் தீர்த்துவிட மனம் வருவது கடினம். அது இன்னொரு நிலவறைக்குப் போகும்; பிறகு இன்னோர் ஏலத்துக்கு வரும். இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று நண்பர்கள் கேட்கலாம். பணம் உள்ளவன் வாங்குகிறான், வைத்துக்கொள்கிறான். ஆனால் கெட்டுப்போவது ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். முதிர்ந்த பர்கண்டி எப்படி இருக்கும் என்னும் அறிவு நூல்களில் இல்லை. குடித்தவர்களின் நாவிலும் மூக்கிலும் இருக்கிறது. குடிப்பவர்கள் அருகினால் அந்த அறிவும் அருகும். மது அருந்தாத நண்பர்களும் இதைச் சற்றுப் பொறுத்து வாசிக்கலாம். இங்கே பேச்சு போதையைப் பற்றியதன்று.

பிரெஞ்சுக்காரர்கள் பூர்கோஞ் என்றழைக்கும் இந்நிலத்தின் இதயம் கோத் தோர் என்னும் மலைச்சரிவு. டிஜோன் நகருக்குத் தெற்கே தொடங்கி போன் நகரைத் தாண்டிச் செல்லும் ஒடுங்கிய சரிவு அது. இங்கே உயர்ந்த சிவப்பு ஒயின் எல்லாம் பினோ நுவார் என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்து வருகிறது. 1395ஆம் ஆண்டிலேயே பர்கண்டியின் கோமகனான ஃபிலிப், மிகுதியாக விளையும் காமே என்னும் திராட்சையைப் பிடுங்கியெறிய ஆணையிட்டான். 1098இல் சீத்தோ மடத்தை நிறுவிய துறவியரும் அவர்களின் வழிவந்தோரும் இங்கே தோட்டங்களைப் பேணினார்கள். எந்தத் துண்டு நிலத்துப் பழம் எத்தகைய ஒயினாகிறது என்பதைப் பல தலைமுறைகள் கவனித்ததன் விளைவாகவே, பத்தடி தள்ளியுள்ள நிலத்துக்கு வேறு பெயரும் வேறு மதிப்பும் வழங்கும் வழக்கம் உருவாகியது. இவ்வாறு பெயரிட்டுப் பிரிக்கப்பட்ட நிலத்துண்டுகளை க்ளிமா என்பார்கள். 2015இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது மடத்து நிலங்கள் பறிமுதலாகி விற்கப்பட்டன. பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு என்ற வாரிசுச் சட்டம் அவற்றை மேலும் துண்டாடியது. துறவியர் மதில் எழுப்பிக் காத்த க்ளோ த வூஜோ தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர்தான். இன்று அதன் உடைமையாளர்கள் சுமார் 80 பேர். அவர்களுள் சிலருக்கு உரியவை சில வரிசைக் கொடிகள் மட்டுமே. ஒரே பெயர் தாங்கிய ஒயின் ஒரே ஆண்டில் 80 கைகளில் 80 விதமாக உருவாகிறது. பர்கண்டியின் அருமைக்கும் குழப்பத்துக்கும் விலையேற்றத்துக்கும் இதுவே வேர். ஒருவர் ஒரு துண்டு நிலத்தில் ஓராண்டில் எடுப்பது சில நூறு புட்டிகளாக இருக்கும்போது, உலகம் முழுவதும் அதற்குக் கைநீட்டினால் என்ன ஆகும்?

இனி முதிர்தலுக்கு வருவோம். பினோ நுவார் மெல்லிய தோலுடைய பழம். அதிலிருந்து வரும் நிறம் ஆழமற்றது. துவர்ப்பும் போர்தோ பகுதி ஒயின்களோடு ஒப்பிட்டால் மென்மையானது. இதனாலேயே பர்கண்டி நீண்டநாள் நிற்காது என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அதன் புளிப்பு உறுதியானது. நல்ல நிலத்தில் நல்ல ஆண்டில் விளைந்தது இருபது, முப்பது ஆண்டுகள் நிற்கும். மிகச் சில அதற்கும் மேல். புட்டிக்குள் நிகழ்வது மெதுவானது. துவர்ப்புக்குக் காரணமான டானின்களும் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெருகி, கனம் தாளாமல் வண்டலாக அடியில் இறங்குகின்றன. நிறம் கருஞ்சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு நகர்கிறது. தக்கை வழியே நுழையும் மிகச்சிறு காற்று இதற்குத் துணைசெய்கிறது. அதே காற்று மிகுந்தால் ஒயின் மாள்கிறது.

தமிழில் 'தேறல்' என்ற சொல் இருக்கிறது. தேறுதல் என்றால் தெளிதல். கசடு கீழிறங்கி மேலே தெளிந்து நிற்பது தேறல். புறநானூற்றின் 56ஆம் பாட்டு யவனர் கொணர்ந்த தேறலைப் பேசுகிறது. அது பர்கண்டியன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இருபதாண்டுப் புட்டியின் அடியில் படிந்த வண்டலைப் பார்க்கும்போது, இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறதே என்ற எண்ணம் எனக்கு வராமல் இருந்ததில்லை.

பாதுகாத்து வைப்பதில் மறைபொருள் ஏதுமில்லை. 12 அல்லது 13 பாகை செல்சியஸ் வெப்பம், அதுவும் கோடைக்கும் குளிருக்கும் பெரிதும் ஊசலாடாமல். தக்கை உலராதிருக்கக் காற்றில் ஈரம். இருள், அசைவின்மை. ஒயின் தக்கையைத் தொட்டிருக்கும்படி படுக்கவைத்த புட்டி. பர்கண்டியின் பழைய நிலவறைகளில் இவை எந்திரமின்றியே கிடைத்தன. வெப்பம் மிகுந்தால் முதிர்தல் விரைவதாக ஒரு நம்பிக்கை உண்டு. விரைகிறதுதான், அவசரமாக வேகவைத்த சோறு போல வெளியே குழைந்து உள்ளே அரிசியாக நிற்கிறது. பர்கண்டிப் புட்டிக்குச் சரிந்த தோள். ஆகையால் தக்கைக்கும் ஒயினுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைச் சென்டிமீட்டரில் அளந்து சொல்வார்கள். முப்பது ஆண்டு கடந்த புட்டியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஐந்தாறு என்றால் ஐயப்படலாம்.

இவை கைக்கொள்ள எளியவை. எளிதல்லாதது, எப்போது திறப்பது என்பது. பர்கண்டி நேர்கோட்டில் முதிர்வதில்லை. இளமையில் செர்ரியும் ராஸ்பெரியுமாக மணக்கும் ஒயின், சில ஆண்டுகள் கழிந்ததும் வாய்மூடிக்கொள்ளும். மணம் இல்லை, புளிப்பும் துவர்ப்பும் மட்டும் துருத்தி நிற்கும். பிறகு ஒரு நாள் மீண்டும் பேசத் தொடங்கும். அந்த நாள் எது என்று எந்த அட்டவணையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே பெட்டியில் வந்த இரு புட்டிகளே வேறுபடும். 2005 போன்ற உறுதியான ஆண்டின் உயர்ந்த ஒயின்கள் நெடுநாள் காத்திருக்கச் சொல்லின. கடும் வெயில் வாட்டிய 2003இல் விளைந்தவை வேறு குணம் கொண்டவை. 2004இன் ஒயின்கள் பலவற்றில் ஒரு பச்சைத்தழை வாடை இருந்தது. இவற்றையெல்லாம் திறந்து குடித்தவர்களே சொன்னார்கள். திறக்காதவர்கள் சொல்லியிருக்க முடியாது.

டிஜோனில் குடியேறிய நண்பர் ஒருவரின் வீட்டில் 2019ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் 1999ஆம் ஆண்டின் வொல்னே ஒன்றை அருந்தக் கிடைத்தது. வொல்னே, போன் நகருக்குத் தெற்கேயுள்ள சிற்றூர். அதன் சிவப்பு ஒயின்கள் வலிமைக்கன்றி நறுமணத்துக்குப் பெயர்பெற்றவை. நண்பர் அதை வெளிவந்த காலத்தில் ஆறு புட்டிகளாக வாங்கியிருந்தார். வண்டல் அடியில் இறங்கட்டும் என்று இரண்டு நாள் நிமிர்த்தி வைத்திருந்தார். குடுவைக்கு மாற்றவில்லை, வயதான பர்கண்டியின் மணம் காற்றில் சட்டென்று கலைந்துவிடும் என்று அஞ்சி, புட்டியிலிருந்தே மெதுவாக ஊற்றினார். விளிம்பில் செங்கல் நிறம், நடுவில் வெளிறிய மாணிக்கம். முதல் மோப்பில் ஏமாற்றம்தான்: ஈரச்சுவரின் வாடை. பத்து நிமிடத்தில் அது விலகியது. மழை ஓய்ந்த காட்டில் மக்கும் இலை, காளான், பழந்தோல், அவற்றின் அடியில் எங்கோ உலர்ந்த செர்ரி. வாயில் கனமே இல்லை. ஆனால் விழுங்கிய பின்னும் சுவை போக மறுத்தது. ஒரு மணி நேரம் கழித்து இனிப்பு போன்ற ஒன்று மேலெழுந்தது. கடைசிக் கோப்பையில் அதுவும் தளர்ந்து, வெறும் புளிப்பு எஞ்சியது. ஒரு மாலைக்குள் அதன் முதுமை முழுவதையும் நாங்கள் பார்த்துவிட்டோம்.

அன்று நண்பர் சொன்னது எனக்கு இன்றும் பயன்படுகிறது. முந்தைய நான்கு புட்டிகளுள் இரண்டு காலத்துக்கு முன்பே திறக்கப்பட்டவையாம். ஒன்று தக்கை நாற்றம் பிடித்துக் கெட்டிருந்ததாம். நான்காவதுதான், இன்னும் சற்றுப் பொறு என்று சொன்னதாம். அந்த நான்கும் வீணாயின என்று அவர் கருதவில்லை. அவை இல்லாமல் ஐந்தாவதை எப்போது திறப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

இந்த அறிவு அருகிப்போனால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். ரூடி குர்னியவான் வழக்கு இருக்கிறது. ஜகார்த்தாவிலிருந்து அமெரிக்கா வந்த இந்த இளைஞர் 2000களில் அரிய ஒயின்களின் பெரும் சேகரிப்பாளராக அறியப்பட்டார். ஏலங்களில் கோடிக்கணக்கில் விற்றார். 2008 ஏப்ரலில் நியூயார்க் ஏலமொன்றுக்கு அவர் அனுப்பிய புட்டிகளில், பொன்சோ குடும்பத்தின் க்ளோ சேன்-தெனி ஒயின் 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகளைத் தாங்கி வந்தது. அக்குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதோ 1982இல்தான். லோரான் பொன்சோ நேரில் நியூயார்க் வந்தார். புட்டிகள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. 2012இல் குர்னியவான் கைதானபோது அவர் வீட்டில் முகப்புச்சீட்டுகளும் தக்கைகளும் கலவைக் குறிப்புகளும் கண்டெடுக்கப்பட்டன. 2013இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2014இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021இல் இந்தோனேசியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

இவ்வழக்கில் என்னை உறுத்துவது அவருடைய திறமையன்று. அவர் செய்த கலவைகளைப் பலர் குடித்தார்கள், குடித்து மகிழ்ந்தார்கள். 1945 இப்படித்தான் இருக்கும்போலும் என்று நம்பினார்கள். மறுத்துச்சொல்ல அந்த ஒயினைப் பலமுறை அருந்தி நினைவில் வைத்திருந்தோர் மிகச் சிலரே. இறுதியில் பொன்சோ புட்டிகளைக் காட்டிக்கொடுத்தது சுவையன்று, ஓர் ஆண்டுக்கணக்கு. முகப்புச்சீட்டில் அந்தப் பிழை நேராமலிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு அந்தக் கள்ளப் பர்கண்டி உண்மைப் பர்கண்டியின் சுவையைத் தீர்மானித்திருக்கும்? மூலச்சுவடி யாருக்கும் வாசிக்கக் கிடைக்காத நிலையில், இடைச்செருகலைக் கண்டுபிடிப்பவர் யார்? தமிழ் படித்தவர்களுக்கு இந்த அச்சம் புதிதன்று.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு; அதை ஒதுக்கிவிட முடியாது. சேகரிப்பாளர்கள் பணம் கொட்டியதால்தான் உழவர்களால் விளைச்சலைக் குறைத்துத் தரத்தை உயர்த்த முடிந்தது. பழைய புட்டிகள் குளிர்ந்த நிலவறைகளில் உயிர்பிழைத்தன. உண்மைதான். விலை இல்லாதிருந்தால் 1945கள் எப்போதோ சாதாரண விருந்துகளில் தீர்ந்திருக்கும். ஆனால் இந்த வாதத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. நிலத்தின் விலையும் உடன் ஏறுகிறது. தந்தை இறந்தால் வாரிசுவரி கட்டவே நிலத்தை விற்க வேண்டிய நிலை குடும்பங்களுக்கு வருகிறது. 2014இல் க்ளோ தே லாம்ப்ரே தோட்டமும் 2017இல் க்ளோ த தார் தோட்டமும் பெருஞ்செல்வர்களின் குழுமங்களுக்குச் சென்றன. மேலும், ஒயின் ஓவியமன்று. ஓவியத்தைப் பத்திரப்படுத்தினால் அடுத்த தலைமுறை பார்க்கும். ஒயினோ, நிலவறை எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரு நாள் செத்துப்போகும். திறக்காமல் வைத்திருப்பவர் அதைக் காப்பாற்றுவதில்லை. அதன் சாவைக் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்.

எனவே என் கருத்து இதுதான். ஒரு புட்டியை இருபது ஆண்டு வைத்திருக்கும் உரிமை, அதைத் திறக்கும் கடமையோடு சேர்ந்தே வருகிறது. அதைத் தனியே திறக்கவும் கூடாது. இதுவரை முதிர்ந்த பர்கண்டியை அறியாத ஒருவராவது அந்த மேசையில் இருக்க வேண்டும். அப்படித்தான் இந்த அறிவு ஒரு நாவிலிருந்து இன்னொரு நாவுக்குப் போகும்.

இதற்குச் செல்வம் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. கிரான் க்ரூ என்னும் உச்சநிலை ஒயின்கள் பர்கண்டியின் மொத்த விளைச்சலில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான், அவற்றை மறந்துவிடலாம். ஊர்ப்பெயர் தாங்கிய ஒயின்கள் இருக்கின்றன. சாவிஞி, மார்சனே, சாந்தனே போன்ற, பெரும்புகழ் படியாத ஊர்கள் இருக்கின்றன. இவற்றில் நேர்மையான ஒரு கையின் ஒயினை மூன்று புட்டி வாங்கி, ஒன்றை இப்போதும் ஒன்றை ஐந்தாண்டிலும் ஒன்றைப் பத்தாண்டிலும் திறந்தால் போதும். முதிர்தல் என்பது என்ன என்று அந்த மூன்றும் சொல்லிவிடும். இரண்டாவது புட்டி வாய்மூடிக் கிடந்தால் மனம் தளர வேண்டாம். திறந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.