சலம் போனது எப்போது?



வயிற்றோட்டம் பிடித்த பிள்ளை எத்தனை தரம் போனது என்று கேட்டால் விரல்விட்டுக் கணக்குச் சொல்கிறோம். கடைசியாகச் சலம் போனது எப்போது என்று கேட்டால் உம்மாவும் வாப்பாவும் ஆளையாள் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கல்லவா முக்கியம்!

ஆறு மணித்தியாலமாகச் சலம் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழிவிழுந்து கிடக்கிறது, எழுப்பினாலும் துவண்டு சாய்கிறது, குடித்ததெல்லாம் சத்தி, மலத்தில் இரத்தம். இதில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிதான். நாமோ "ஓதிப் பார்த்தாச்சு, விடியட்டும்" என்கிறோம். ஓதுவோம், துஆ கேட்போம், யார் வேண்டாம் என்றது? ஓதிக்கொண்டே த்ரீவீலில் ஏறலாம்தானே.

"தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று பிள்ளையின் வாயைக் கட்டுவது அதைவிடக் கொடுமை. உடம்பை விட்டுப் போவது தண்ணீரும் உப்பும். ஜீவனி அதைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு பைக்கட்டுக்குக் கொதித்தாறிய நீர் ஒரு லீட்டர். அரைக் கோப்பையில் கரைத்துக் கடுப்பமாகக் கொடுத்தால் உப்புக் கூடி அதுவே ஆபத்து. கரண்டி கரண்டியாகப் பருக்குவோம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

இன்னும் சில வீடுகளில் வாப்பா கடை பூட்டி வரும்வரை காத்திருக்கிறோம். 1990 அம்புலன்ஸ் இலவசம், அரசாங்க ஆஸ்பத்திரியும் இலவசம். உம்மாவே அழைக்கலாம்.